குரங்குக்கு அபூ; கொடியவனுக்கு ஜஃபர்!

பெருநாள் விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் வயிற்றுப் பேரன், தனக்கு வேறு பெயர் வைக்க வேண்டுமென்று இரண்டு நாளாக அடம் பிடித்தான். ஒன்பது வயதுப் பாலகன். வாப்பா கேட்டபோது வாய் திறக்கவில்லை. உம்மாவிடம் மட்டும் இரவில் சொல்லியிருக்கிறான். பள்ளியில் உடன் பயிலும் பிள்ளைகள் அவனைக் கண்டவுடன், தோளில் கிளியொன்று அமர்ந்திருப்பதாகப் பாவித்து, கையிலே பாம்புத் தலைக் கோல் பிடித்திருப்பதாக நடித்து, கூவிச் சிரிக்கின்றனராம். அவன் பெயர் ஜஃபர். வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் 1992-ஆம் ஆண்டு வெளியிட்ட அலாவுத்தீன் சித்திரப் படத்தின் கொடியவனுக்கும் அதுவே பெயர்.

இச்செய்தியை நண்பர் ஒருவருக்கு எழுதினேன். நல்ல தமிழறிவும் பரந்த படிப்பும் உடையவர். அவர் விடுத்த மறுமொழி இது: "சிறுவர் மகிழ வரைந்த பொம்மைப் படம் அது. அதிலே பெயராராய்ச்சி செய்வது பஞ்சு மிட்டாயில் எலும்பு தேடுவதைப் போன்றது." உவமை நன்று. ஆயினும் அந்தப் பஞ்சு மிட்டாயில் எலும்பு இருக்கிறது. அதைத் தின்ற பிள்ளையின் தொண்டையில் சிக்கியும் இருக்கிறது. நண்பர்க்கு மடலில் சொல்லி முடியாதவற்றை இங்கே சொல்லத் துணிந்தேன்.

வேறொரு சாராரும் உளர். படமே ஆகாது, பெட்டியைத் தூக்கித் தெருவில் எறியுங்கள் என்பார்கள். எறிந்து விடலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்துவிட்ட படத்தை நம் வீட்டுப் பெட்டியை எறிவதால் எப்படி அழிப்பது? அந்த ஆண்டில் உலகெங்கும் மிகுந்த வசூல் குவித்த படம் அதுவே. ஐம்பது கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. தடை செய் என்று கூவுவதும் என் நோக்கமன்று. ஓவியத் திறத்தால் அது சிறந்த படம். பூதத்துக்குக் குரல் தந்த ராபின் வில்லியம்ஸின் ஆற்றலை நானும் வியந்தேன். என் வழக்கு ஒன்றே ஒன்று: அப்படத்தார் நம் பெயர்களின் ஓசையை எடுத்துக்கொண்டு பொருளைக் குப்பையில் எறிந்தனர். எறிந்த பொருளை எடுத்து வைத்துக் கொள்ள வேண்டிய நாமோ, அப்படியொன்று இருந்ததையே மறந்து நிற்கிறோம்.

ஜஃபர் என்பதற்குச் சிற்றாறு, நீரோடை என்பது பொருள். மணல் வெளியில் வாழ்ந்த மக்கள் தம் பிள்ளையைத் தொட்டிலில் இட்டு 'நீரோடையே' என்று அழைத்தார்கள் என்றால், அந்த அழைப்பில் எத்துணைத் தாகமும் அன்பும் இருந்திருக்கும்!

அப்பெயரை நம்மவர் இல்லங்களில் நிலைக்கச் செய்தவர் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி). நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெரிய தந்தை மகனார்; அலீ (ரலி) அவர்களின் தமையனார். மக்காவின் கொடுமை தாளாமல் அபிசீனியாவுக்குச் சென்ற அகதிகளுள் ஒருவர். குறைஷியர் பரிசுப் பொருள்களுடன் தூதரை அனுப்பி, ஓடிவந்த இவர்களைத் திருப்பித் தருமாறு நஜ்ஜாஷி மன்னரிடம் கோரினர். அரசவையில் எழுந்து நின்று அகதிகளுக்காகப் பேசியவர் இந்த ஜஃபர்தாம். வாளை உருவவில்லை, மாயக்கோலை நீட்டவில்லை. மர்யம் அத்தியாயத்தின் தொடக்கத்தை ஓதினார். கிறிஸ்தவ மன்னர் தாடி நனைய அழுதார். பரிசுகளைத் திருப்பியனுப்பி, அடைக்கலம் புகுந்தோரைக் கைவிட மறுத்தார். பிற்காலத்தில், 629-ஆம் ஆண்டு முஃதா போர்க்களத்தில், கொடியேந்திய வலக்கை துண்டிக்கப்பட்டபோது இடக்கையில் ஏந்தினார். அதுவும் போனபோது எஞ்சிய புயங்களால் அணைத்துப் பிடித்தவாறே ஷஹீதானார். இழந்த கைகளுக்கு ஈடாக இறைவன் சுவனத்தில் இரு சிறகுகள் அளித்தான் என்பதால் 'தய்யார்', பறப்பவர், என்று பெயர் பெற்றார். ஏழைகளிடத்தில் அவர் காட்டிய பரிவுக்காக 'ஏழைகளின் தந்தை' எனவும் அழைக்கப்பெற்றார்.

அடுத்து, மதீனாவில் அறிவொளி பரப்பி 765-இல் மறைந்த இமாம் ஜஃபர் ஸாதிக். 'ஸாதிக்' என்றால் உண்மையாளர். படத்து ஜஃபரோ பொய்யே உருவானவன்!

மூன்றாமவர், ஆயிரத்தோர் இரவுகளில் உலவும் அமைச்சர் ஜஃபர் பர்மகீ. கலீஃபா ஹாரூன் ரஷீதின் உற்ற துணைவர். பர்மகீ குடும்பத்தார் பல்கு நகரத்துப் பௌத்த விஹாரத்தின் தலைவர் வழியில் வந்தோர். 'பர்மக்' என்பதே 'பிரமுக' என்னும் வடசொல்லின் திரிபு என்பர் அறிஞர். இவருடைய தந்தையார் யஹ்யா, இந்திய மருத்துவ நூல்களை அரபியில் பெயர்க்கச் செய்தவர். கதைகளில் வரும் ஜஃபருக்கு மந்திரமும் தெரியாது, சூழ்ச்சியும் தெரியாது. மூன்று ஆப்பிள்களின் கதையில், மூன்று நாளில் கொலையாளியைக் கண்டுபிடிக்காவிட்டால் உன்னைத் தூக்கிலிடுவேன் என்று கலீஃபா ஆணையிட, பாவம், வழியறியாமல் வீட்டில் சென்று அமர்ந்து கொள்கிறார்! வரலாற்றிலும் அவர் கதை துயர முடிவே கண்டது; 803-ஆம் ஆண்டு அதே கலீஃபாவின் ஆணையால் கொல்லப்பட்டார். அரசனை ஏமாற்றிய அமைச்சர் அல்லர். அரசனால் அழிந்த அமைச்சர்.

இவர் எப்படிச் சூனியக்காரர் ஆனார்? 1940-இல் வெளிவந்த 'பாக்தாத் திருடன்' என்ற ஆங்கிலப் படத்தில், கான்ராட் வைட் என்ற ஜெர்மானிய நடிகர், அமைச்சரும் சூனியக்காரருமான ஜாஃபராக வந்தார். அந்தக் கரிய தலைப்பாகையும் துளைக்கும் விழியும் அரை நூற்றாண்டு கழித்து டிஸ்னி ஓவியரின் தூரிகையில் மீண்டும் எழுந்தன. அலாவுத்தீன் கதையில் ஜஃபர் என்று எவருமே இல்லை என்பதை அன்பர்கள் கருத வேண்டும். அங்கே வரும் கெட்டவன் மக்ரிப் நாட்டு மந்திரவாதி. அவனுக்குப் பெயரே கிடையாது. பெயரற்றவனுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தபோது, தேடிச் சென்று சிறகு பெற்ற தியாகியின் பெயரை எடுத்துச் சூட்டியிருக்கிறார்கள்.

அதே 1940-ஆம் ஆண்டுப் படத்தில் அபூ என்றொரு சிறுவன் உண்டு. திருடன்தான், ஆனால் கதையின் உயிரே அவன்தான். நடித்தவர் சாபு; மைசூர் சமஸ்தானத்து யானைப்பாகன் மகன். 1992-இல் 'அபூ' யார் தெரியுமா? குரங்கு! மனிதப் பிள்ளைக்கு இருந்த பெயர் ஐம்பத்திரண்டு ஆண்டில் குரங்குக்குப் போயிற்று. இதை முன்னேற்றம் என்பதா?

அபூ என்பது முழுப் பெயர்கூட அன்று. 'இன்னாரின் தந்தை' என்பதன் முற்பாதி. அரபியர் ஒருவரை இயற்பெயர் சொல்லி அழையாமல் அவருடைய பிள்ளையின் பெயரோடு சேர்த்து அழைப்பது மரியாதை. நம் ஊரில் 'இன்னாருடைய வாப்பா' என்று பெண்கள் கணவரைக் குறிப்பதில்லையா, அதைப் போன்றது. முதல் கலீஃபா அபூபக்கர் (ரலி), இமாம் அபூஹனீஃபா, பூனைக்குட்டியை அன்பாக வளர்த்ததால் பெயர் பெற்ற அபூஹுரைரா (ரலி) என்று எத்தனை மரியாதைக்குரிய பெயர்கள் அந்தச் சொல்லில் தொடங்குகின்றன! அந்தக் குரங்கு எதன் தந்தை என்று படத்தார் எண்ணிப் பார்த்திருப்பார்களா? எண்ணவே இல்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

இனி நான் சொல்லப் போவது, என்னை இரவெல்லாம் உறங்கவிடாதது. படத்தின் தொடக்கத்தில் இளவரசி மாறுவேடத்தில் அங்காடிக்கு வருகிறாள். பசித்த சிறு பிள்ளை ஒன்றைக் கண்டு இரங்கி, கடையிலிருந்த ஆப்பிளை எடுத்துக் கொடுக்கிறாள். காசு கொடுக்க வேண்டும் என்பது அரண்மனையில் வளர்ந்தவளுக்குத் தெரியவில்லை. பழக் கடைக்காரன் அவள் கையைப் பற்றிப் பலகையில் வைத்து, வெட்டுவதற்கு வாளை ஓங்குகிறான். திரைக்கதையில் அந்தக் கடைக்காரனுக்கு இட்ட பெயர் ஃபாரூக்.

ஃபாரூக் என்றால் உண்மையையும் பொய்யையும் பிரித்தறிபவர். இஸ்லாமிய உலகில் அப்பட்டத்தைக் கேட்டவுடன் நினைவுக்கு வருபவர் ஒருவரே, உமர் (ரலி). அந்த ஃபாரூக் பசித்தவர் கையை என்ன செய்தார்? ஹிஜ்ரி 18-இல் ஹிஜாஸ் முழுவதும் பஞ்சம் சூழ்ந்தது. காற்றில் சாம்பல் போலப் புழுதி பறந்ததால் சாம்பல் ஆண்டு என்றே அதற்குப் பெயர். அவ்வாண்டில் திருட்டுக்குக் கை வெட்டும் தண்டனையை உமர் (ரலி) நிறுத்தி வைத்தார். மக்கள் உண்ணாத நெய்யைத் தாமும் உண்ணமாட்டேன் என்று ஒதுக்கினார். வேறொரு வழக்கில், பசியால் ஒட்டகத்தைத் திருடி அறுத்து உண்ட அடிமைகள் அவர்முன் நிறுத்தப்பட்டனர். அவர் என் செய்தார்? அடிமைகளைப் பட்டினி போட்ட எசமானரிடமிருந்து ஒட்டகத்தின் விலையை இருமடங்காக வாங்கி உரியவருக்குக் கொடுக்கச் செய்தார்.

பசித்த பிள்ளைக்குப் பழம் ஈந்த பெண்ணின் கையை வெட்ட வருபவனுக்கு உலகில் வேறு பெயரே கிடைக்கவில்லையா? வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்று செய்ய வேண்டுமானால் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். காதில் அரபு போல ஒலித்தது, வைத்தார்கள். அவ்வளவே. பகைவன் வைத்திருந்தால் குறைந்தபட்சம் நம்மைப் படித்தாவது இருப்பான்.

காவலர் தலைவனுக்கு ரஸூல் என்று பெயர். வாளும் வசையுமாக அலாவுத்தீனைத் துரத்துகிறவன். ரஸூல் என்றால் தூதர். நாம் நாள்தோறும் பாங்கொலியில் எந்தச் சொல்லைக் கேட்கிறோமோ, அதே சொல். இதில் படத்தார்க்குச் சார்பாகவும் ஒன்று சொல்ல வேண்டும்: அப்படத்திலே பணியாற்றிய ஈரானியக் கலைஞர் ஒருவரின் பெயரைத்தான் நட்பு வேடிக்கையாக அவனுக்கு வைத்தார்கள். வேடிக்கை அவர்களுக்குள் முடிந்தது; பெயர் உலகெங்கும் போயிற்று. இளவரசியை மணக்க வந்து புலியிடம் கால்சட்டையைப் பறிகொடுத்து ஓடும் செருக்கன் இளவரசன் 'அச்மத்'. அஹ்மத் என்பதே அது. 1926-இல் ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற பெண்மணி, கறுப்புத் தாளைக் கத்தரித்து, நிழலுருவங்களால் முழுநீளச் சித்திரப் படம் ஒன்று எடுத்தார். அதன் நாயகன் இளவரசன் அச்மத், வீரன். அங்கே வீரனாயிருந்தவனும் இங்கே கோமாளி.

நண்பர் இதுவரை பொறுமையாகப் படித்திருந்தால், "சித்திரப் படம் எடுப்பவர் பெயருக்கெல்லாம் அகராதி புரட்டுவாரா?" என்று கேட்பார். புரட்டுவார்! அதற்கு அதே படத்தில் சான்று இருக்கிறது. சான்று ஜஃபரின் தோளில் அமர்ந்திருக்கிறது.

அந்தக் கிளிக்கு இயாகோ என்று பெயர். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்தில், நம்பிய தலைவனின் காதில் நஞ்சு ஊற்றி அவனை அழிக்கும் வஞ்சகன் இயாகோ. தோளில் அமர்ந்து காதில் ஓதும் கிளிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்? பெயரைக் கேட்டவுடன் படித்த ஆங்கிலேயர் புன்னகை புரிவார். ஆக, தம் இலக்கியத்திலிருந்து எடுத்த பெயரை, அதன் பொருள், குணம், வரலாறு எல்லாம் அறிந்து இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள். நம்முடையவற்றுக்கோ அந்தத் தொல்லை எடுத்துக் கொள்ளவில்லை. கிளிக்குக் கிடைத்த மதிப்பு ஜஃபருக்குக் கிடைக்கவில்லை, ஃபாரூக்குக்கும் கிடைக்கவில்லை.

இங்கே இன்னொரு வேடிக்கை. ஒதெல்லோ யார்? மூர் இனத்தவன், ஆப்பிரிக்க முஸ்லிம் உலகிலிருந்து சென்றவனின் சாயல். இயாகோ என்பது யாகோபின் ஸ்பானிய வடிவம். நம் யஃகூப் நபியின் பெயரே அது. அதே பெயருடைய புனிதரைத்தான் ஸ்பானியர் 'மூர்களைக் கொன்றவர்' என்று பட்டம் சூட்டிப் போர்களில் கூவி அழைத்தனர். பாலஸ்தீன மண்ணில் பிறந்த ஒரு பெயர் ஐரோப்பாவுக்குச் சென்று நமக்கெதிரே வாளேந்தி, கடைசியில் கிளியாகி நம் பிள்ளையின் தோளுக்கே திரும்பி வந்துவிட்டது.

நாயகனுக்கு வருவோம். அலாவுத்தீன் என்றால் மார்க்கத்தின் உயர்வு. இது பட்டப்பெயர், அறிவாலும் பதவியாலும் உயர்ந்தோர்க்கு வழங்கியது. இரத்தம் இதயத்திலிருந்து நுரையீரலுக்குச் சென்று மீளும் பாதையை ஐரோப்பியர்க்கு முன்பே எழுதிவைத்து, 1288-இல் கெய்ரோவில் மறைந்த மருத்துவ மேதை இப்னு நஃபீஸின் பட்டம் அலாவுத்தீன். திமிஷ்கின் உமய்யா பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணித்துக் கொடுத்த பதினான்காம் நூற்றாண்டு வானியல் அறிஞர் இப்னு ஷாதிரின் பட்டமும் அலாவுத்தீன். படத்தில் பூதம் அவனைக் கூப்பிடுவது எப்படி? 'அல்' என்று! மார்க்கமும் போயிற்று, உயர்வும் போயிற்று, மிஞ்சியது ஓரசை. அவன் இளவரசனாக வேடமிடும்போது சூட்டிக்கொள்ளும் பெயர் அலீ அபாப்வா. அலீ சரி, அபாப்வா எந்த மொழியிலும் இல்லாத உளறல்.

கதையின் வேரையும் சொல்லிவிடுகிறேன். அலாவுத்தீன் கதை ஆயிரத்தோர் இரவுகளின் பழைய அரபு ஏடுகளில் இல்லை. அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் என்னும் மாரோனியக் கிறிஸ்தவர் 1709-இல் பாரிஸில் வாயால் சொல்ல, அந்துவான் கலான் என்ற பிரெஞ்சு அறிஞர் கேட்டு எழுதிக் கொண்டார், 1712-இல் அச்சேறியது. அக்கதையில் அலாவுத்தீன் சீன நாட்டான். முஸ்தஃபா என்னும் தையற்காரரின் மகன். படத்தில் தந்தையும் இல்லை, தாயும் இல்லை. இளவரசியின் பெயர் பத்ருல் புதூர், முழுமதிகளுள் முழுமதி. நம் வீட்டுப் பத்ருன்னிசாக்கள் மகிழ வேண்டிய பெயர்! அதைப் படத்தில் ஜாஸ்மின் என்று மாற்றினார்கள். பாரசீக யாஸ்மின், அரபு வழியாகப் பிரெஞ்சுக்குச் சென்று, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்த மல்லிகை அது. அழகிய பெயர்தான், குறை சொல்லேன். ஆங்கில நாவுக்கு இனிப்பதால் நாயகிக்குக் கிடைத்தது என்பதை மட்டும் குறித்துக் கொள்கிறேன். நல்லவர்கள் இருவருக்கும் அமெரிக்க முகம், அமெரிக்கப் பேச்சு. தீயவர்க்கும் தெருவினர்க்கும் வளைந்த மூக்கு, முரட்டுப் புருவம். இதை நான் மட்டும் சொல்லவில்லை. ரோஜர் ஈபர்ட் என்ற புகழ்பெற்ற அமெரிக்க விமர்சகர் படம் வந்தபோதே எழுதினார்.

சுல்தானுக்குப் பெயரே இல்லை, பதவி மட்டும். புலிக்கு ராஜா. அரண்மனை தாஜ்மகாலின் சாயல். அரபு எழுத்தின் வளைவுகளிலிருந்து ஓவியர்கள் கோட்டழகைக் கற்றார்களாம். ஆனால் கடைப் பலகைகளில் இருப்பதோ எவராலும் படிக்க முடியாத கிறுக்கல். எழுத்தின் வளைவு வேண்டும், எழுத்து வேண்டா! பெயரிலும் அதே கதைதான்.

ஊரின் பெயர் அக்ரபா. முதலில் பாக்தாத் என்றே எழுதியிருந்தனர். 1991-இல் வளைகுடாப் போர் மூண்டு, அமெரிக்க விமானங்கள் மெய்யான பாக்தாத்தின் மீது குண்டு வீசின; குழந்தைகள் படத்தில் அப்பெயர் வேண்டாம் என்று மாற்றினர். புதுப்பெயரில் ஆக்ராவின் ஓசையும் கேட்கிறது. அரபு அறிந்தார் செவியிலோ தேள் என்னும் பொருளுடைய 'அக்ரப்' என்று விழுகிறது.

"பொம்மைப் படந்தானே" என்ற நண்பர் இதைக் கூர்ந்து படிக்க வேண்டுகிறேன். 2015 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு கருத்துக் கணிப்பு நிறுவனம் வாக்காளர்களிடம், அக்ரபாவின் மீது குண்டு வீசலாமா என்று கேட்டது. குடியரசுக் கட்சியின் தொடக்கத் தேர்தல் வாக்காளரில் நூற்றுக்கு 30 பேர் வீசலாம் என்றார்கள். ஜனநாயகக் கட்சியினரில் 19 பேர். வரைபடத்தில் இல்லாத ஊர்! அப்பெயரில் கேட்ட ஓசை ஒன்றே போதுமாயிருந்தது அவர்களுக்கு. ஓசை மட்டும் மிஞ்சி, பொருளும் முகமும் போய்விட்ட பெயருக்கு நேர்வது இது. பெரியவர்களுக்கே இப்படியென்றால், ஜஃபர் என்ற பெயரைக் கேட்டுக் கிளி காட்டிச் சிரித்த ஒன்பது வயதுப் பிள்ளைகளை நான் எப்படிக் கோபிப்பேன்?

எதிர்த்தால் பயனில்லை என்பாரும் அறிய வேண்டிய செய்தி உண்டு. படத்தின் தொடக்கப் பாடலில், முகம் பிடிக்காவிட்டால் காதை அறுக்கும் நாடு என்று பொருள்படும் அடி இருந்தது. அமெரிக்க அரபு மக்களின் சங்கத்தார் சான்றுகளோடு முறையிட்டனர். ஜாக் ஷாஹீன் போன்ற அறிஞர்கள் எழுதினர். 1993-இல் வீடியோ நாடா வெளிவந்தபோது அந்த அடி மாறியிருந்தது. காட்டுமிராண்டி நாடு என்ற சொல்லை மட்டும் விட்டுவைத்தனர். நடிகர்களைக் கொண்டு 2019-இல் மறுபடி எடுத்தபோது அச்சொல்லும் போயிற்று. ரஸூல் போய் ஹகீம் வந்தார். இறுதியில் நியாயத்தின் பக்கம் நிற்பவராகவே வந்தார். அச்மத் போய் ஆண்டர்ஸ் என்ற வட ஐரோப்பிய இளவரசர் கோமாளியானார். பெட்டியை எறிந்தவர்களால் இவை நிகழவில்லை. படத்தைப் பார்த்து, பெயரை அறிந்து, எழுதியவர்களால் நிகழ்ந்தன. ஆனால் ஜஃபர் இன்னும் ஜஃபர்தான். குரங்கு இன்னும் அபூதான்.

இனி நம் பக்கம். ஒலி திரிவதை நான் குற்றமாக எண்ணவில்லை. உமர் என்னும் பெயர் தமிழில் உமறு ஆயிற்று. அந்த உமறுப் புலவர்தாம் சீறாப்புராணம் பாடினார். அரபுப் பெயர்கள் அவர் யாப்புக்குள் நுழைந்தபோது ஓசை வளைந்தது, மதிப்பு வளையவில்லை. நம் ஊர்க் குயவரும் நெசவாளரும் வாய்க்கு வந்தபடி சொன்ன அலாவுதீனில்கூட உறவு இருந்தது. 'ஜின்' என்ற சொல்லைக் கலான் பிரெஞ்சில் இலத்தீன் மூலமுடைய 'ஜெனி' ஆக்கினார் என்று குறை கூறுகிறோமே, மறைந்திருப்பது என்னும் அழகிய வேர்ப்பொருள் கொண்ட அதைத் தமிழில் பூதம் ஆக்கியபோது நம்மில் யார் வாய் திறந்தோம்? சுவனத்தோட்டமாகிய ஜன்னத்தும், கருவிலிருக்கும் சிசுவாகிய ஜனீனும் அதே வேரில் பிறந்தவை என்பதை எத்தனை மதரஸாக்களில் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்?

கெட்ட பொருளுடைய பெயரைப் பெருமானார் (ஸல்) மாற்றி வைத்தார்கள். ஆஸியா, மாறு செய்பவள், என்ற பொருளில் அழைக்கப்பட்ட பெண்ணுக்கு ஜமீலா, அழகியவள், என்று பெயரிட்டார்கள். (ஃபிர்அவ்னின் மனைவியார் பெயர் வேறு எழுத்தில் வருவது, அதனோடு குழப்பிக்கொள்ள வேண்டா.) ஒருவரையொருவர் பட்டப்பெயரால் இழிக்காதீர் என்று ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் தடுக்கிறது. பெயருக்கு இத்துணை இடம் தந்த மார்க்கத்தவர், இன்று பிள்ளைக்குப் பெயர் வைப்பதெப்படி? நவீனமாக ஒலிக்க வேண்டும். இரண்டு அசைக்கு மேல் கூடாது. அண்டை வீட்டில் எவருக்கும் இருக்கக் கூடாது. பொருள் கேட்டால், "அரபுப் பெயர்தான், நல்ல பெயராகத்தான் இருக்கும்" என்கிறார்கள். படத்தார் செய்ததும் இதுதானே? அரபு போல ஒலித்தது, வைத்தார்கள்.

பேரனுக்குப் பெயர் மாற்றவில்லை. நஜ்ஜாஷியின் அரசவைக் கதையை அவனுக்குச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, கைகள் வெட்டப்பட்ட பின்பு கொடி கீழே விழுந்ததா என்று கேட்டான். அவர் வீழும்வரை விழவில்லை. பிறகு அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) எடுத்துக்கொண்டார், அவரும் வீழ்ந்தபின் காலித் (ரலி) ஏற்றார் என்றேன். ஊருக்குப் போகும்போது, பள்ளியில் யாராவது கிளி காட்டினால் இதைச் சொல்வேன் என்றான். சொன்னானோ, அடித்தானோ, அறியேன்.

நண்பருக்கும் ஒரு வரி எழுதியிருக்கிறேன். அவருடைய இளைய பெயர்த்திக்கு மூன்று எழுத்தில் புதுப்பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதன் பொருள் என்ன என்று மட்டும் கேட்டிருக்கிறேன். வீட்டில் விசாரித்து எழுதுவதாகப் பதில் வந்தது. ஒரு மாதம் ஆகிறது.